412-ஆம் எண்ணின் நேரம்

“நாலாவது தடவை அழிக்கிறேன் மச்சி. மறுபடியும் வந்து உக்காந்துக்கினு கீது,” என்றான் நிரஞ்சன், லேப்டாப்பில் ஒரு வரியைக் காட்டி.

“போன வருஷ லிஸ்ட்டை அழிக்காம விட்டிருப்ப,” என்றான் கூட வேலை செய்யும் ஆதில். பரிசு கொடுக்க மேடையில் ஆள் ஏறியாயிற்று. முடிவுப் பட்டியல்தான் வரவில்லை.

நிரஞ்சனுக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. அடையாறு பத்து கிலோமீட்டர் ஓட்டத்தில் நேரம் குறிப்பது அவன் பொறுப்பு. ஷூவில் கட்டிய சிப், முடிவுக் கோட்டில் விரித்த பாயைத் தாண்டினால் நேரம் தானாகப் பதிவாகும். இந்த வருஷ எண்கள் ஆயிரத்தில் தொடங்குகின்றன. பட்டியலின் அடியிலோ 412, உமர் ஃபாரூக், 8736 மணி நேரம் 58 நிமிடம். போன வருஷ ஓட்டம் தொடங்கியதிலிருந்து சரியாக ஐம்பத்திரண்டு வாரம், அதற்கு மேல் ஐம்பத்தெட்டு நிமிடம்.

போன வருஷம் திரும்பி வராத ஒரே சிப் அது. அதைக் கேட்டு நிரஞ்சன் அவர் வீட்டுக்கு மூன்று முறை ஃபோன் செய்து சிடுசிடுத்தான். மூன்றாம் முறைதான் அவர் மனைவி சொன்னார், பாதி வழியில் நெஞ்சு வலித்து ஆட்டோவில் வீடு வந்தவர் அன்று மதியமே இறந்துவிட்டார் என்று. அதன்பின் சிப்பை யாரும் கேட்கவில்லை.

ஐந்தாம் முறை அழிக்கப் போகையில் ஃபோன் அடித்தது. ஓடி முடித்தவர்களின் வீட்டு எண்ணுக்குச் செய்தி தானாகப் போய்விடும் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

“தம்பி, மயிலாப்பூர்லேருந்து உமர் ஃபாரூக் வீட்டம்மா ஜஹீதா பேசுறேன். அவரு ஓடி முடிச்சிட்டாருன்னு மெசேஜ் வந்துச்சு. முடிச்சதும் அவருக்குக் கால் இழுத்துக்கும். நான் ஆட்டோல வந்துக்கிட்டிருக்கேன். அதுவரைக்கும் அவரை எங்கயும் போக விடாம கொஞ்சம் உக்கார வைங்க.”