மூன்றாவது படுக்கை

அந்தப் படகின் அறையில் நிமிர்ந்தால் தலை இடிக்கும். இரண்டு இருக்கைகளுக்கு நடுவே பலகைகளைப் போட்டு மெத்தையை விரித்தால் மூன்றாவது படுக்கை தயார். மற்ற நேரத்தில் அவை வெறும் இடைஞ்சல். அவற்றை எங்கே வைப்பது என்று காலையிலிருந்து கணவன் மனைவிக்குள் சண்டை.

“தூக்கிக் கரையில போடு. யாரு வந்து படுக்கப்போறா?” என்றார் அவர்.

“ஏங்க, நம்ம பொண்ணு வரமாட்டாளா?”

“அவ இருக்கிற எடத்துல ஆயிரம் ரூம். வேலை பாக்கறவங்களே எண்ணூறு பேரு. இந்த டப்பாக்குள்ளயா வந்து படுப்பா?”

“படுப்பா. நீங்க எந்திரிங்க.”

பலகைகளை, கூரையை ஒட்டியிருந்த அவர் படுக்கையின் மெத்தைக்கு அடியில் செருகினாள். மூன்றாவது படுக்கையின் மெத்தையை நிமிர்த்தி, சுவரோரம் சாய்மானமாகக் கட்டினாள். இனி படுத்தால் அவர் மூக்கு கூரையில் உரசும். உரசட்டும்.

வெளியே சங்கு அலறியது. பத்து மாடிக் கப்பல் ஒன்று துறைமுகத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தது. படகின் ரேடியோ கரகரத்தது.

“கேப்டன் பேசறேன். அம்மா, என் மெத்தை இருக்குல்ல? இன்னிக்கு அங்கதான் படுக்கப்போறேன்.”

அவள் வாயைத் திறப்பதற்குள் அவர் மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்.

“இருக்கு கேப்டன்! அப்பாதான் பத்திரமா எடுத்து வெச்சேன்!”