வேலையைப் பறித்த கட்சி

“வாண்ணே, வா! உன் கட்சி என் புருஷன் வேலைக்கு உலை வெச்சிடுச்சு. இப்ப குளிர்ந்துச்சா மனசு?”

அண்ணன் இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. ஒரு கால் வாசலுக்கு உள்ளே, ஒரு கால் வெளியே.

“என்னம்மா ஆச்சு?”

“என்ன ஆச்சா? ஒண்ணும் தெரியாத பாப்பா! நீயும் அதே பிஸ்கட் ஃபேக்டரியிலதானே இருக்கே? ஆர்டர் குறைஞ்சு போச்சாம், ஆளைக் குறைக்கறாங்களாம். இவரை அனுப்பிட்டாங்க. எல்லாம் உங்க ஆட்சி லட்சணம்! வரியைப் போட்டு, விலையை ஏத்தி, ஓடிட்டிருந்த கம்பெனியையெல்லாம் படுக்க வெச்சாச்சு!”

தங்கச்சி கையில் கரண்டி இருந்தது. பேச்சுக்கேற்ப அதுவும் ஆடியது.

சோஃபா மூலையில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை, தலையணை உறையில் இல்லாத கிழிசலைத் தேடிக்கொண்டிருந்தார். ஆளுங்கட்சியைத் திட்டுவதென்றால் முதல் ஆளாகக் குதிக்கிற மனுஷர். இன்றைக்கு வாயே திறக்கவில்லை.

அண்ணன் ஆளுங்கட்சி வெறியர். ஃபேக்டரியில் அவருக்கு ‘முட்டு’ என்றே பட்டப்பெயர். கட்சிக்கு அப்படி முட்டுக் கொடுப்பார். வெங்காயம் விலை ஏறினால், “மழை பெய்யலைன்னா ஆட்சி என்ன பண்ணும்?” என்பார். மழை பெய்தால், “பார்த்தியா எங்க ஆட்சியை!” என்பார். தன் கட்சி தப்புப் பண்ணியதாக அவர் வாயால் சொன்னதாகச் சரித்திரமே கிடையாது.

மாப்பிள்ளை எதிர்க்கட்சி. காலில் கல் தடுக்கினாலும் அது ஆளுங்கட்சி போட்ட கல். தலைவர் பேசுகிறார் என்றால் போதும், சோறு தண்ணி வேண்டாம், போனும் கையுமாக உட்கார்ந்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் இந்த இரண்டு பேரும் மோதிக்கொண்டால் மேஜையில் ஒரு டம்ளராவது கவிழாமல் இருக்காது.

“சொல்லுண்ணே! உலகம் பூரா மந்தம்னு சொல்லு. போன ஆட்சிக்காரன் கஜானாவைத் துடைச்சிட்டுப் போயிட்டான்னு சொல்லு. உனக்கா பதில் இருக்காது?”

அண்ணன் செருப்பைக் கழற்றினார். மாப்பிள்ளையைப் பார்த்தார். ஃபேன் ஓடியும் மாப்பிள்ளைக்கு நெற்றியெல்லாம் வியர்வை.

“தப்புதாம்மா” என்றார் அண்ணன்.

“என்னது?”

“எங்க கட்சி மேலதான் தப்பு. பொருளாதாரத்தைக் கோட்டை விட்டுட்டாங்க. ஆர்டரும் போச்சு, மாப்பிள்ளை வேலையும் போச்சு. அவர் மேல ஒரு குத்தமும் இல்ல.”

கரண்டி அந்தரத்தில் நின்றது. வரிந்து கட்டிக்கொண்டு சண்டைக்கு வந்தவள் அதை மெல்லக் கீழே இறக்கினாள்.

“அ... அதுக்கு நீ என்னண்ணே பண்ணுவே, பாவம்? நீயா ஆட்சி நடத்தறே? உட்காரு, டீ போடறேன்.”

அப்படியே கணவர் பக்கம் திரும்பினாள்.

“நீங்களும் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு உட்காராதீங்க. இந்த வேலை போனா இன்னொண்ணு. நாட்டுல எல்லாருக்கும்தான் கஷ்டம். நீங்க என்ன, வேலை நேரத்துல தூங்கியா மாட்டினீங்க?”

டீ வருவதற்கு முன்பே மாப்பிள்ளைக்குப் புரையேறியது.

“முதல்ல அந்தச் சட்டையைக் கழற்றிப் போடுங்க. நேத்துலருந்து ஒரே கருகல் வாடை. ஓவன் பக்கத்துலயே நின்னு வெந்த மனுஷனைப் போய் வேண்டாம்னாங்களே, அவங்க நல்லா இருப்பாங்களா!”

டீ வந்தது. கூடவே சிரிப்பும் வந்துவிட்டது அவளுக்கு.

“நீ இந்த ஜென்மத்துல திருந்துவேன்னு நான் நினைக்கவே இல்லண்ணே. வர்ற தேர்தல்ல ஓட்டையும் மாத்திப் போட்டுடு.”

அண்ணன் அதையும் டீயோடு சேர்த்து விழுங்கிக்கொண்டார்.

வழியனுப்பக் கூடவே இறங்கி வந்தார் மாப்பிள்ளை. வண்டியருகே வந்ததும் மெல்லக் கேட்டார்.

“மச்சான், உங்களுக்கு நிஜமாவே விஷயம் தெரியாதா?”

“தெரியாம என்ன? என் ஸ்டோர் ரூமுக்கு நேர் எதிர்லதானே உன் ஓவன்!”

“அப்புறம் ஏன் அவகிட்ட சொல்லல? நீங்க போட்டு உடைச்சிடுவீங்கன்னு நேத்துலருந்து செத்துப் பிழைக்கிறேன். விஷயம் தெரிஞ்சா அவ முகத்துல எப்படி முழிப்பேன்? அதுவும் உங்க கட்சியை நீங்களே...”

“அட விடு மாப்ளே. எங்க கட்சி மேல ஊரே பழி போடுது. உன் பழி ஒண்ணு கூடினதுல கவுந்துடவா போகுது? கட்சி தாங்கும். கட்டினவ முன்னால தலைகுனிஞ்சா நீ தாங்க மாட்டே. முட்டுக் கொடுத்தே பழகின உடம்பு இது. கட்சிக்குக் கொடுத்தா என்ன, உனக்குக் கொடுத்தா என்ன?”

மாப்பிள்ளை அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது.

“மச்சான், அடுத்த தேர்தல்ல என் ஓட்டு உங்க கட்சிக்குத்தான்!”

“ச்சீ! ஒரு முட்டுக்காகக் கொள்கையை மாத்தாதே. அப்புறம் ஞாயிற்றுக்கிழமை நான் யாரோட சண்டை போடறது?”

அண்ணன் வண்டியைக் கிளப்பினார்.

“மார்க்கெட் பின்னால இருக்கற பேக்கரியில ஆள் தேடறாங்க. உனக்காகச் சொல்லி வெச்சிருக்கேன், காலையில போய்ப் பாரு. ஆனா ஒண்ணு, போனை வீட்டுலயே வெச்சிட்டுப் போ. வேலையில்லாத் திண்டாட்டத்தை எப்படி ஒழிக்கறதுன்னு நேத்து உங்க தலைவர் பேசி முடிக்கறதுக்குள்ள, ஓவன்ல இருந்த அத்தனை பிஸ்கட்டும் கரியாப் போச்சு!”