நாரையின் கடைசி அசைவு

கூட்டத்தைத் தவறவிட்ட ஒரு நாரையின் கதை அது. அந்தப் பாலே நடனம் முழுக்க அமைந்துவிட்டது. நாரை எப்படிச் சாகிறது என்பது மட்டும் நடன இயக்குநர் ஆஸ்கருக்குப் பிடிபடவில்லை. நாரையாக ஆடிய லிதியாவைப் பகல் முழுவதும் விழச் சொல்லிப் பார்த்தார். அவளுடைய முட்டி கன்றிப்போனது. ஒவ்வொரு முறையும், "பொய்யா இருக்கு" என்றார். கடைசியில் எல்லோரையும் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். லிதியா காலணி நாடாவை அவிழ்க்கத் தரையில் உட்கார்ந்தாள். அவிழ்ப்பதற்குள் தலை முழங்காலில் சாய்ந்தது. ஒரு கை பின்னால் நழுவி, உள்ளங்கை விரிந்து கிடந்தது. அப்படியே தூங்கிப்போனாள். ஆஸ்கர் அவளை எழுப்பாமல் பார்த்துக்கொண்டே நின்றார்.

மறுநாள், "நேத்து தூங்கின மாதிரியே விழு" என்றார்.

"எப்படித் தூங்கினேன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

கனத்த உடம்பை மெல்லத் தரையில் இறக்கி அவரே செய்து காட்டினார். லிதியா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இவ்வளவு களைச்சுப் போயிருந்தேனா?"

"அழகா இருந்துச்சும்மா."

அன்றிலிருந்து அந்தத் தூக்கத்தையே அவள் பழகினாள். பழகப் பழக, வீட்டில் அவளுக்குத் தூக்கம் வரவில்லை.

அரங்கேற்றத்தன்று நாரை விழுந்ததும் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. திரை மூடி மீண்டும் திறந்தது. வணங்க வேண்டியவள் எழவில்லை. ஓடிவந்து குனிந்தார் ஆஸ்கர். அவள் கண்கள் திறந்துதான் இருந்தன.

"எழுந்திரும்மா, கைதட்டுறாங்க."

"கேக்குது" என்றாள் லிதியா. "இன்னொரு தரம் திரையைப் போடச் சொல்லுங்க. இப்பதான் தூக்கம் வருது."