நல்ல தண்ணீர்க் கெளுத்திகள்

சிங்காரத்தின் வலக்கைக்குள் ஒரு பிடி உப்பு இருந்தது.

விடியலில் தன் கையாலேயே உப்பளப் பாத்தியிலிருந்து வாரிய உப்பு. அதனை வேட்டி மடிப்பில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தான்.

இடக்கையால் கண்ணாடித் தொட்டியின் மூடியை நகர்த்தினான்.

அடியில், சலித்துப் பரப்பிய மணலை, ஆறு குட்டிக் கெளுத்திகள் மீசைகளால் துழாவிக்கொண்டிருந்தன. கட்டைவிரல் நீளம்கூட இல்லை. ஒன்று திரும்பினால் ஆறும் திரும்பின.

மற்ற மீன்களுக்கு நோய் கண்டால் உப்பு மருந்தாம். இந்தக் கெளுத்திகளுக்கு அதுவே நஞ்சாம். அவன் மனைவி வைஜெயந்தி பலமுறை சொல்லியிருக்கிறாள்.

தொட்டி பிரபாகரன் வாங்கியது. மீன்களும் அவன் சென்னைக்கு வேன் ஓட்டிய காலத்தில் கொளத்தூர் வண்ணமீன் சந்தையிலிருந்து கொண்டுவந்தவை.

பிரபாகரன் அவளுடைய முதல் கணவன். காய்ச்சலில் இறந்துபோனான். சிங்காரம் அவளை மணந்து இரண்டாண்டுகள் ஆகின்றன.

இறந்தவனின் படத்தை அவள் சுவரில் மாட்டவில்லை. பெயரையும் எடுப்பதில்லை. ஆனால், மரக்காணத்தில் எங்கே துளையிட்டாலும் உவர்நீர் என்பதால், வாரந்தோறும் ஸ்கூட்டரில் பிரம்மதேசம் சென்று, தாய்வீட்டுக் கிணற்றின் நல்ல தண்ணீரை இரண்டு கேன்களில் சுமந்து வருவாள். ஊற்றுமுன் புறங்கையால் அதன் சூட்டைப் பார்ப்பாள். பருக்கைக்கல் உரசினால் மீசை தேய்ந்துவிடுமென்று மணலைச் சலித்துச் சலித்துப் போடுவாள்.

உப்பில் வெடித்த சிங்காரத்தின் பாதங்களுக்கும் அவள் களிம்பு வாங்கித் தந்ததுண்டு. தடவிவிட்டதில்லை.

திருமணமான புதிதில் ஒருமுறை அவனும் அந்தத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றினான். அதன்பின் அவனைத் தொட்டியருகே அவள் விட்டதேயில்லை.

இன்று பெருமுக்கல் மலைக்கோயிலுக்குப் போய்வரலாம் என்று அழைத்தான். தண்ணீர் மாற்றும் நாள் என்று மறுத்துவிட்டாள்.

கெளுத்திகளுள் ஒன்று விருட்டென்று மேலே வந்து, ஒரு வாய்க் காற்றை விழுங்கிவிட்டுக் கீழே இறங்கியது. இறங்கும்போது கண்ணை உருட்டியது.

பிரபாகரனே கண்ணடித்தது போலிருந்தது.

சிங்காரம் கையைத் தண்ணீருக்கு நேராக நீட்டினான்.

பின்னால் காலடியோசை கேட்டது. சட்டென்று கையை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டான். தீனிப் புட்டியுடன் வைஜெயந்தி நின்றிருந்தாள்.

"அடேயப்பா, அவுரு வெச்சிட்டுப் போன மீனுக்கு இன்னா உபசாரம்! நானுந்தான் மீசை வெச்சிருக்கேன். என்னை யாரு கவனிக்கிறா?" என்றான்.

அவள் சிரித்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

"அவுரு வெச்சதா? அதுங்க நம்ம கல்யாணம் முடிஞ்ச நாலாம் நாளே செத்துப்போச்சுங்க. தொட்டியில தண்ணி கொறைஞ்சிருக்குதேன்னு நீங்க ஆசையா ரெண்டு கொடம் போர் தண்ணிய ஊத்திட்டு, லாரிக்கு உப்பு ஏத்தப் போனீங்களே, அன்னிக்கு."

சிங்காரத்துக்கு அந்தக் குடங்கள் நினைவிருந்தன. இந்த வீட்டில் அவளுக்காக அவன் செய்த முதல் வேலை அது. மறுநாள் மாலை திரும்பியபோது ஆறு மீன்களும் நீந்திக்கொண்டிருந்ததும் நினைவிருந்தது.

"வந்து பாத்தா மனசு ஒடிஞ்சிடுவீங்களேன்னு பாண்டிச்சேரிக்கு ஓடிப்போய் வாங்கியாந்தேன். இது ஆறும் உங்களுக்காக வாங்குனதுங்க. சாவ விட்டுடக் கூடாதுன்னுதான் இம்மாம் பாடு."



வைஜெயந்தி புட்டியைத் திறந்தாள்.

"இன்னிக்கு நீங்களே தீனி போடுங்க. கைய நீட்டுங்க."

அவன் இடக்கையை நீட்டினான்.

"ஐய, பீச்சாங்கையிலயா போடுவாங்க? சோத்துக் கைய நீட்டுங்க."

ஆறு கெளுத்திகளும் கண்ணாடியோரம் வந்து கூடின. புட்டியைச் சாய்த்துப் பிடித்தபடி அவளும் நின்றாள்.

முதுகுக்குப் பின்னால், மூடிய விரல்களின் இடுக்கில், உப்பு வியர்வையோடு கசியத் தொடங்கியிருந்தது.