செனட்டர் பிழைக்க வேண்டும்

"தாயே, அப்பாரெசீடா மாதா! இந்த மனுஷன் உயிரை மட்டும் விட்டுக் குடு. உன் கோயில் படி மொத்தத்தையும் முட்டி போட்டே ஏறி வர்றேன்."

பிரேசிலியா ஆஸ்பத்திரியின் வராந்தாவில் மண்டியிட்டு அழுதாள் ஜசீரா. பார்த்தவர்கள் அவளை செனட்டர் ஒனோரியோவின் சம்சாரம் என்றே நினைத்தார்கள்.

உறவெல்லாம் ஒன்றுமில்லை. சுரங்கக் கம்பெனியின் கழிவு அணை உடைந்து ஊரையே சேறு மூடியபோது இவளுடைய ஒரே மகள் லுசீனியும் உள்ளே போய்விட்டாள். உடம்புகூட இன்னும் கிடைக்கவில்லை. தேடினது போதும், நிலத்தைக் கம்பெனிக்கே திருப்பிக் கொடுங்கள் என்று ஒரு சட்டம் இன்று செனட்டில் ஓட்டுக்கு வருகிறது.

"கம்பெனிக்கு இன்னும் ஒரே ஒரு ஓட்டுதான் குறையுதுக்கா" என்றான் கூட வந்த பக்கத்து வீட்டு தர்சீசியோ. "நம்ம ஒனோரியோ போய் எதுத்து ஓட்டுப் போடாட்டாக்கூடப் பரவாயில்லை. அவரு நாற்காலி காலியாக் கிடந்தாலே சட்டம் தோத்துடும். ஆனா அவரு செத்துட்டா, மாத்து ஆளா லிண்டோல்ஃபோ வந்து உக்காந்துடுவான்."

"அந்தச் சுரங்க முதலாளியா? அவனை எந்தப் படுபாவி மாத்து ஆளாப் போட்டான்?"

"நாமதான். மெஷின்ல நம்பரைத் தட்டினதும் ஒனோரியோ மூஞ்சி பெருசா வந்துச்சில்ல? அதுக்குக் கீழேயே பொடிசா மாத்து ஆளுங்க மூஞ்சி ரெண்டு இருந்துச்சு, அதுல ஒண்ணு அவன். நீ பாத்தியா?"

"அவரு சிரிச்சதைப் பாத்தேன், பச்சைப் பட்டனை அமுக்கிட்டு வந்துட்டேன். ஐயோ, என் கண்ணு அவிஞ்சா போச்சு!"

"ஊரே அப்படித்தான் அமுக்கிச்சு. ஆனா செத்தாலோ, நாலு மாசத்துக்கு மேல லீவு எழுதிக் குடுத்தாலோதான் அவன் உள்ளே வர முடியும்."

"லீவாவது மண்ணாவது! சேத்துல இறங்கி என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுத மனுஷன்டா அவரு. சாகாம இருந்தாப் போதும்."

ஒனோரியோ லாரி ஓட்டி, உள்ளூர் ரேடியோவில் பேசி, மேயராகி, செனட்டர் ஆனவர். 'லுசீனி கிடைக்கிற வரைக்கும் அந்தச் சட்டத்துக்கு நான் ஓட்டுப் போட மாட்டேன்' என்று மாதா மேல் சத்தியம் பண்ணினார், ஊரே கேட்டது. அப்பேர்ப்பட்டவர் நேற்று சபையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். இன்னும் கண் திறக்கவில்லை என்கிறார்கள்.

அவருடைய உதவியாளன் நிவால்டோ வெளியே வந்து ஜசீராவிடம் தூக்குச்சட்டியை நீட்டினான். கண் விழித்தால் கொடுக்கட்டும் என்று அவள் கோழிக் கஞ்சி வைத்துக் கொண்டுவந்திருந்தாள். இப்போது சட்டியில் உறிஞ்சிப் போட்ட எலும்புதான் கிடந்தது.

"கண்ணைத் திறந்துட்டாரா தம்பி?" ஜசீரா துள்ளி எழுந்தாள்.

"எங்கேம்மா? காவலுக்கு நிக்கிறவன் பசிக்குதுன்னான், குடுத்துட்டேன்."

"சாப்பிடட்டும், பாவம்" என்று மறுபடி மண்டியிட்டாள்.

வராந்தா டிவியில் சபை கூடிவிட்டது. என் பிள்ளை படுத்திருக்கிற இடத்தில் புல்டோசரை ஓட்டுவார்களே, ஒரு எலும்புகூட எனக்கு மிஞ்சாதே என்று ஜசீரா தலையில் அடித்துக்கொண்டாள். தர்சீசியோ அவள் கையைப் பிடித்து நிறுத்தப் பார்த்தான், முடியவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது.

"செனட்டர் பிழைச்சுக்கிட்டாரும்மா!" என்றான் நிவால்டோ. "உயிருக்கு ஒண்ணுமில்லை. நல்லா ஓய்வு எடுக்கணுமாம், அவ்வளவுதான்."

"எடுக்கட்டும் ராசா, ஆயுசுக்கும் எடுக்கட்டும்!" ஜசீரா அவனைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். தர்சீசியோ உடனே ஊருக்குப் போன் போட்டான். அந்தப் பக்கம் வேட்டு வெடிக்கிற சத்தம் இங்கே வரைக்கும் கேட்டது.

நிவால்டோ ஏதோ காகிதத்தோடு லிஃப்ட்டுக்கு ஓடினான். கதவை இழுத்துச் சாத்த மறந்துவிட்டான். ஒரே ஒரு தடவை அந்தப் புண்ணியவான் கையை முத்தமிட்டுவிட்டு வந்துவிடலாம் என்று ஜசீரா செருப்பைக் கழற்றிவிட்டு மெல்ல உள்ளே நுழைந்தாள்.

கட்டில் காலியாக இருந்தது. ஒனோரியோ ஜன்னலைப் பார்த்து நின்றபடி போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"லீவுல கையெழுத்துப் போட்டாச்சு முதலாளி, நீங்க போய் உக்காருங்க!"