மதியக் குரல்

பூபாலனுக்குச் சிறுநீரகம் பழுதாகி, வயிற்றில் பொருத்திய குழாய் வழியாக வீட்டிலேயே டயாலிசிஸ் நடந்தது. மகன் குணா மதியம் பனியன் கம்பெனியிலிருந்து வந்து, மருந்து நீர்ப் பையை மாற்றிவிட்டுப் போவான். அவன் வேற்று மதத்துப் பிரிசில்லாவைக் காதலித்துக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அப்பனுக்கும் மகனுக்கும் பேச்சில்லை.

நீர் வயிற்றில் இறங்கும்போது பூபாலனுக்குக் கண் சொக்கும். பக்கத்து விசைத்தறிச் சத்தம் மழைபோல் தொலைவுக்குப் போக, யாரோ மெல்லப் பேசுவார்கள். வார்த்தை புரியாது. குரலில் மட்டும் செத்துப்போன அப்பாவின் சாயல் இருக்கும். தன்னை அழைத்துப்போகத்தான் வருகிறார் என்று நினைத்துக்கொண்டார், பயமாக இல்லை.

ஒருநாள் காய்ச்சலும் வயிற்றுவலியும் வந்தன. குழாய் வழியே வயிற்றிலிருந்து வெளியேறிய நீர் கலங்கியிருந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

"வாயில இருக்கற கிருமி வயித்துக்குள்ள போயிருக்கு. இது அபூர்வம். ஊசியில சரியாயிரும். ஆனா பை மாத்தறப்ப யாரோ மாஸ்க் இல்லாம பேசியிருக்கீங்க" என்றார் டாக்டர்.

"எங்க ஊட்டுல யாரும் பேசறதே இல்லீங்க" என்றார் பூபாலன்.

குணா தலைகுனிந்தான். "அப்பா கண்ணசந்ததும் நாந்தானுங்க பேசுவேன். தூக்கத்துலயாவது கேக்கட்டும்னு மாஸ்க்கைக் கழட்டிட்டனுங்க."

பூபாலன் கையை நீட்டி அவனை அருகே அழைத்தார்.

"இனிமே போட்டுக்கிட்டே பேசு கண்ணு. நான் முழிச்சிருந்து கேக்கறேன்."