ஜி பிளாக் வேண்டாம் மேடம்

வீட்டு வசதி வாரியக் குடியிருப்புகளுக்கு இணையம் இலவசமாக வந்தபோது ஒரு நிபந்தனையும் கூடவே வந்தது. கல்லூரி மாணவர்கள் அந்த இணைப்புகளில்தான் லேப் பயிற்சி செய்வார்கள். அவ்வப்போது அறுந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நெட்வொர்க் லேபில் மெர்லினுக்கு அன்று முதல் வகுப்பு. லினக்ஸ் கணினித் திரையில் அவளுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது ஜி பிளாக். அவள் வீடே அங்கேதான். படுக்கையில் கிடந்த அப்பாவின் மூச்சுக்கருவியை ஆஸ்பத்திரிக்காரர்கள் அந்த இணைப்பு வழியாகத்தான் கவனித்து வந்தார்கள்.

"இணைப்பைத் துண்டிக்குற கட்டளைய அடிங்க. என்ன ஆகுதுன்னு பாத்து எழுதுங்க," என்றார் ஜெகதா மேடம்.

மெர்லின் எழுந்தாள். "மேடம், அது எங்க வீடு. அப்பாவுக்கு உடம்பு சரியில்ல."

"எல்லாமே யாரோ ஒருத்தர் வீடுதாம்மா." மேடத்துக்குக் கோபமில்லை, அலுப்புதான். "சரி, எச் பிளாக் எடுத்துக்கோ."

எச் பிளாக்கில் யார் யார் படுத்திருக்கிறார்கள் என்று மெர்லின் கேட்கவில்லை. மார்க் போய்விடுமே என்று கட்டளையை அடித்தாள். திரையில் பச்சையாக இருந்த வீடுகள் ஒவ்வொன்றாகச் சிவந்தன.

"குட்," என்றார் மேடம்.

வகுப்பு முடிந்ததும் வராந்தாவுக்கு ஓடி அப்பாவைப் போனில் அழைத்தாள்.

"நெட் இருக்காப்பா?"

"நமக்கு இருக்குதும்மா," என்றார் அவர், மூச்சு வாங்கியபடி. "எதிர் பிளாக்குலதான் பூட்ச்சாம். ஒரே கூச்சலா கீது. எந்தப் பாவி கைய வச்சானோ."